இறக்கத்துக்கு இரண்டாம் கியர்

தண்ணீர் இன்னும் சூடேறவில்லை. கொதிக்கத் தேவையில்லை, கை பொறுக்கிற சூடு வந்தால் போதும், அதற்கு மேலே போனால் பச்சைத் தண்ணீர் விட்டு விளாவ வேண்டியிருக்கும், விளாவின தண்ணீரைக் காய்ச்சல் விட்ட உடம்புக்கு ஊற்றக் கூடாது என்பது மதினி சட்டம். மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா ஒச்சம்மா. தம்பிக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டதும் சின்னமனூரிலிருந்து ஒரு கட்டைப்பையோடு போடிக்கு பஸ் ஏறி வந்தவள், வந்த நாளிலிருந்து என் அடுப்படியில் எனக்கே இடமில்லை. இருக்கட்டும், நல்ல மனுஷிதான். விடியும்போது தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏத்தா வேலு, காய்ச்சல் விட்டுருச்சு! இன்னைக்கே தலைக்குத் தண்ணி ஊத்திருவோம்" என்று அவள் போட்ட சத்தத்தில் நானும் ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தேன். நெற்றி, கழுத்து, கை, கடைசியில் கால். சில்லென்று இருந்தது. அத்தனை நாளும் தோசைக்கல்லாய்க் கிடந்த உடம்பு சில்லென்று ஆனதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதனால்தான் கொல்லையில் மூன்று கல் கூட்டி, அண்டாவை ஏற்றி, நொச்சியும் வேப்பிலையும் உருவிப் போட்டு, தீயைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கியாஸில் வைத்தால் சட்டென்று முடியும். விறகில் காய்ந்த தண்ணீர்தான் வேண்டுமாம், அதுவும் மதினி சட்டம். புகை என்னைத் தேடித் தேடி வருகிறது, நான் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்தப் பக்கம். பரவாயில்லை. தலைக்கு ஊற்றி, துவட்டி, சாம்பிராணி காட்டி, மிளகு ரசம் ஒரு கரண்டி ஊற்றிக் குழையப் பிசைந்த சோற்றை வாயில் வைத்துவிட்டால் முடிந்தது கதை. டெங்கு வந்தது, போனது. நாளைக்கு நான் வண்டியை எடுக்கலாம். என்னிடம் கார் ஓட்டப் படிக்கிறவர்கள் எல்லாரும் போன் மேல் போன் போடுகிறார்கள், ஊரில் வேறு டிரைவிங் ஸ்கூலே இல்லாத மாதிரி. இருக்கின்றன, ஆனால் வேலுத்தாயிடம் படித்தவன் போடிமெட்டு மலை ரோட்டில் ஒரு லாரிக்கும் பயப்பட மாட்டான், அது ஊருக்கே தெரியும்.

பயப்படுகிற ஒரே ஆள் என் வீட்டுக்காரர்தான். தவமணி என்று பெயர் வைத்தது பொருத்தம், தவத்தில் இருக்கிற மாதிரியே இருப்பார். ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிற வேலை, கையால் அளைந்தே இது குண்டு, இது சூம்பல், இது வெடிச்சது என்று சொல்லிவிடுவார், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆனால் காரில் ஏறினால் மட்டும் வேறு மனிதர். இடது பக்கத்துச் சீட்டில்தான் உட்காருவார், அது என் சீட்டு, வாத்தியார் சீட்டு, படிக்கிறவன் கோட்டை விட்டால் நான் மிதிப்பதற்கென்று அந்தப் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். நான் ஓட்ட, அவர் அங்கே உட்கார்ந்துகொண்டு, கோழி குறுக்கே வந்தாலும் மிதிப்பார், வராவிட்டாலும் மிதிப்பார். நடுத் தெருவில் வண்டி குலுங்கி ஆஃப் ஆகி நிற்கும். எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். "ஏங்க, உங்களுக்கென்ன கால் அரிக்குதா?" என்றால், "ஒரு சேஃப்டிக்குத்தான் வேலு" என்பார். இந்த மனுஷனுக்குக் காய்ச்சல் வந்தபோது முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, நான். கண்ணை உருட்டினால் கண்ணுக்குப் பின்னாடி வலிக்கிறது என்றார், இடுப்பையும் முழங்காலையும் யாரோ முறுக்கிப் பிழிகிறார்கள் என்றார், சளி இல்லை, இருமல் இல்லை, நெஞ்சில் மட்டும் லேசாகச் சிவப்பு. இது டெங்கு என்று அங்கேயே சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியும். மைதானத்தில் எட்டுப் போட்டுப் பழகுவதற்கு வரிசையாகப் பழைய டயர் போட்டிருந்தேன், மழைத் தண்ணீர் தேங்கி, அதில் புழு வாலை ஆட்டிக்கொண்டு திரிந்ததை முனிசிபாலிட்டிக்காரர்கள் வந்து கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போனார்கள். பட்டப்பகலில் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து, அந்த டயர் மேலே உட்கார்ந்துதான் இவர் பேப்பர் படிப்பார். பகலில் கடிக்கிற கொசுவுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும். இப்போது ஒவ்வொரு டயரிலும் ஓட்டை போட்டாகிவிட்டது, ஒரு சொட்டு நிற்காது. அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் கொடுத்தோம், டெங்குதான் என்று வந்தது. பார்த்தீர்களா என்று அவரிடமே சொன்னேன், ஏதோ பரிசு விழுந்த மாதிரி. பாவம், சிரித்தார்.

ஒரு விறகு சரியாகக் காயவில்லை, சீறிக்கொண்டு நுரை தள்ளுகிறது, அதை இழுத்துப் போட்டுவிட்டு வேறு வைத்தேன். டாக்டரம்மா சின்னப் பிள்ளை, என்னிடம் படிக்க வருகிற பிள்ளைகளைவிடச் சின்னது, ஆனால் பேச்சில் பதற்றமில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், மெடிக்கலில் கேட்டு வாங்குகிற வலி மாத்திரை எதுவும் கூடாது, அது ரத்தக் கசிவை உண்டாக்கிவிடும் என்றாள். அதில் நான் கறார், பக்கத்து வீட்டுக்காரி நீட்டிய மாத்திரை அட்டையை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். இளநீர், கஞ்சி, உப்பு சர்க்கரைக் கரைசல் என்று மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொன்னாள், கொடுத்தேன், கொல்லை மூலையில் இளநீர்க் கூடு மலையாகக் கிடக்கிறது, அதிலும் தண்ணீர் நிற்காமல் ஒவ்வொன்றையும் பிளந்து குப்புறப் போட்டிருக்கிறேன். தினமும் ரத்தம் பார்க்க வாங்க என்றாள், போனோம். பிளேட்லெட் இறங்கியது. அது இறங்கியதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி போனில் கேட்க ஆரம்பித்தார்கள். "இப்ப எவ்வளவு?" "ஏறுச்சா?" மதினி பப்பாளி இலையை அரைத்துப் பிழிந்து கொடுத்தாள், குடித்த வேகத்தில் வாந்தி. அந்தக் கசப்புக்கு நானே வாந்தி எடுப்பேன், இவர் எடுத்ததில் என்ன அதிசயம். டாக்டரம்மா அந்த எண்ணிக்கையை மட்டும் பார்க்கவில்லை, ரத்தம் கெட்டியாகுதா என்று இன்னொரு எண்ணையும் பார்த்தாள், அவர் கட்டை விரல் நகத்தை அழுத்தி விட்டாள், வெளுத்த நகம் உடனே சிவந்தது, "இது நல்லா இருக்கு" என்றாள். பிறகு ஏதோ சொன்னாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் அப்போது ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் விட்டாலும் வந்து காட்டுங்க. ஆமாம், அதைத்தான் சொன்னாள். காய்ச்சல் விட்டாலும். அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வது, நானும்தான் லைசென்ஸ் வாங்கின பிறகு ஒரு நாள் வந்து எனக்கு ஓட்டிக் காட்டுங்க என்று எல்லாரிடமும் சொல்கிறேன், ஒருவரும் வந்ததில்லை. இன்றைக்கும் ரத்தம் பார்க்கப் போயிருக்க வேண்டும். "காச்சலே இல்ல, இன்னும் எதுக்கு ஊசியக் குத்தணும்? உள்ள ரத்தத்தையும் உறிஞ்சிட்டு விடவா?" என்று மதினி கேட்டதும் சரிதான் என்றிருந்தது.

தண்ணீரில் விரல் விட்டேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். காலையில் ஒரு தடவை வாந்தி எடுத்தார். அது பப்பாளிச் சாறு. இல்லை, இன்று பப்பாளிச் சாறு கொடுக்கவேயில்லை. நேற்றுக் கொடுத்ததன் மிச்சமாக இருக்கும். நேற்றுக் கொடுத்தது நேற்றே வெளியே வந்துவிட்டதே. வெறும் வயிற்றில் இளநீர் குடித்தால் சிலருக்குப் புரட்டும், அதுதான். வலது பக்க விலாவுக்குக் கீழே கையை வைத்து அமுக்கிக்கொண்டே இருக்கிறார், மதினி வாயு என்றாள், பூண்டு சுட்டுக் கொடுக்கிறேன் என்றாள், படுத்தே கிடந்தால் வாயு பிடிக்கத்தான் செய்யும். எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கதவு. நான் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு எதிரே கக்கூஸ் கதவு, தகரக் கதவு, கீல் துருப்பிடித்து, திறந்தால் கிறீச்சென்று தெருவுக்கே கேட்கும், யார் வீட்டில் யார் போகிறார்கள் என்று ஊருக்கே தெரிகிறது, எண்ணெய் விடுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு விடிந்ததிலிருந்து அந்தக் கதவு எனக்குக் கத்தியது, மதினிக்குக் கத்தியது. அவருக்குக் கத்தவில்லை. தூங்குகிறார், எப்படிக் கத்தும். ராத்திரி? ராத்திரி அவர் எழுந்தால் நான் எழுவேன், கையைப் பிடித்து அழைத்து வருவேன், எழவில்லை. நேற்று விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு தடவை போனார், அதுவும் கொஞ்சமாக, மஞ்சளாக என்றார். அதற்குப் பிறகு எத்தனை டம்ளர் கஞ்சி, எத்தனை இளநீர், நானே பிடித்துக் குடிக்க வைத்தேன். குடித்ததெல்லாம் எங்கே போனது? வியர்வையிலா? கை கால் சில்லென்று பிசுபிசுவென்று இருந்தது, அவ்வளவு வியர்வையா வரும்? ரேடியேட்டரில் ஊற்றுகிறோம், அளவு குறைகிறது, வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை, அப்படியென்றால் உள்ளே எங்கேயோ போகிறது, அந்த வண்டியை எடுக்காதே என்று நான் சொல்வேன். சே, மனுஷனும் வண்டியும் ஒன்றா. காய்ச்சல் விட்டுவிட்டது. காய்ச்சல் விட்டால் சரியாகிவிட்டது என்றுதானே அர்த்தம், சின்ன வயதிலிருந்து அப்படித்தான், காய்ச்சல் விடும், தலைக்கு ஊற்றுவார்கள், ரசஞ்சோறு போடுவார்கள், மறுநாள் பள்ளிக்கூடம். எந்தக் காய்ச்சலும் தலைக்கு ஊற்றின பிறகு திரும்பி வந்ததாக நான் பார்த்ததில்லை. மதினியிடம் கூடக் காலையில் சுள்ளென்று விழுந்தாரே. "சும்மா நச்சரிக்காதக்கா, தள்ளிப் போ!" வாழ்நாளில் அக்காவை அப்படிப் பேசாத மனிதர். மதினிக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, தெம்பு வந்துருச்சு, கோவம் வருது பாரு." நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்? புரண்டு புரண்டு படுத்தார், போர்வையைத் தள்ளினார், மறுபடி இழுத்தார், பிறகு ஒரேயடியாகத் தூங்கிப்போனார். கூப்பிட்டால் ம் என்கிறார், கண் திறக்க மாட்டேன் என்கிறார். அது தெம்பா?

இப்போது ஞாபகம் வருகிறது, பாழாய்ப்போன அந்த ரிப்போர்ட்டை நான் மடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பிள்ளை சொன்னது முழுசாக. காய்ச்சல் விட்டாலும் வந்து காட்டுங்க, இதுல காய்ச்சல் விடும்போதுதான் நாங்க பயப்படுவோம். பயப்படுவோம் என்றாள். விடும்போதுதான் என்றாள். நான் தலையை ஆட்டினேன், எனக்குத் தெரியும் என்கிற மாதிரி. மலை ரோட்டுக்குப் புதிதாகக் கூட்டிப்போகிற ஒவ்வொருவரிடமும் போடிமெட்டு டீக்கடையில் வைத்து நான் என்ன சொல்வேன்? ஏறி வரும்போது பயந்தீங்க, எஞ்சின் கத்தும், சூடு ஏறும், ஊரே கேட்கும், அதில் ஆபத்து கம்மி. உருண்டவன் எல்லாம் இறங்கும்போது உருண்டவன்தான். இறங்கும்போது சத்தம் இருக்காது, வண்டி தானாகப் போகும், சுகமாக இருக்கும், ஏறியாச்சுல்ல என்று காலைத் தூக்கிவிடுவான். அப்போதுதான் இரண்டாம் கியரில் பிடிக்கணும். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன், மனப்பாடமாக, டீயை ஆற்றிக்கொண்டே. அதே வாயால்தான் காலையில் மதினி காய்ச்சல் விட்டுருச்சு என்றதற்கு ஆமாம் போட்டேன். பயமாக இருக்கிறது. எனக்கு, வேலுத்தாய்க்கு, பயமாக இருக்கிறது. அந்த ஏலக்காய் வாசனைக் கை இல்லாமல் இந்த வீட்டில் நான் என்ன செய்வேன், யாரோடு சண்டை போடுவேன். அண்டாவில் விளிம்போரம் சின்னச் சின்னக் குமிழி வர ஆரம்பித்துவிட்டது, நொச்சி இலை வாசம் தூக்கலாக வருகிறது, சரியான பதம். இந்தத் தண்ணீரை அவர் தலையில் ஊற்ற எழுப்பி நிற்க வைத்தால் நிற்பாரா? நிற்க மாட்டார். எனக்குத் தெரியும். இந்தத் தடவை நிஜமாகவே தெரியும். எழுந்தேன், கரித்துணியால் பிடித்து அண்டாவை அப்படியே அடுப்பில் சரித்தேன், புஸ்ஸென்று சாம்பலும் ஆவியும் முகத்தில் அடித்தது.

"ஆத்தி! என்னடி பண்ற, கிறுக்கு பிடிச்சிருச்சா?" மதினி மிளகு நுணுக்கிய கையோடு ஓடி வந்தாள். நான் அவளைத் தாண்டி உள்ளே போய் அவர் கட்டை விரலை எடுத்து நகத்தை அழுத்தினேன், அந்தப் பிள்ளை செய்தது போல. வெளுத்தது. விட்டேன். வெளுத்தே இருந்தது. சிவந்துருடா, சிவந்துருடா என்று மனசுக்குள் கத்தினேன், புருஷனை டா போட்டுக் கத்தினேன், மெள்ள, ரொம்ப மெள்ள, மங்கலாக ஒரு சிவப்பு வந்தது. மதினியிடம், "மதினி, இது சரியானது இல்ல, ஆபத்து. ஒண்ணுக்குப் போயி எம்புட்டு நேரமாச்சு, வகுத்த வலிக்குது, காலத் தொட்டுப் பாருங்க" என்றேன். "சில்லுன்னுதான இருக்கு, நல்லதுதானத்தா" என்றவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். தம்பியின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். பிடித்துக்கொண்டே இருந்தாள். தன் எட்டு வயதிலிருந்தே அவள் தூக்கி வளர்த்த பிள்ளை, எனக்கு முன்னால் இவர் அவளுடையவர், அதை நான் சில நேரம் மறந்துவிடுகிறேன். "தலைக்கு ஊத்தினா செத்தா போயிருவான்னு சொல்ற?" என்று கேட்டாள், சண்டைக் குரலில் இல்லை. "இன்னைக்கு வேண்டாம் மதினி. இன்னொரு நாளு நீங்களே ஊத்துங்க, நானே விறகுல வச்சுத் தாரேன்." அவள் ஒரு பக்கம் தோளைக் கொடுத்தாள், மறுபக்கம் நான்.

வாத்தியார் சீட்டில்தான் உட்கார வைத்தோம், சீட்டைச் சாய்த்து, கால் முன்னால் நீட்டி, பின்னாலிருந்து மதினி தலையைத் தாங்கிக்கொண்டாள். அடக்கமாக ஓட்டினேன், இரண்டாம் கியரில், பள்ளம் பார்த்து. பதற்றமில்லாமல் ஓட்டுவது எனக்கு ஒன்றும் புதிதில்லை, ஆஸ்பத்திரியில் பாட்டில் ஏற்றுவார்கள், ரத்தம் பார்ப்பார்கள், அந்தச் சின்னப் பிள்ளை இருப்பாள், நகத்தை அழுத்துவாள், எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஆனால் கண் மட்டும் ரோட்டை விட்டுவிட்டு அவர் காலுக்குப் போய்ப் போய் வந்தது. சந்தையில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. அவர் கால் அசையவில்லை. பள்ளிக்கூடத்து வளைவில் எதிரே பஸ் வந்தது, இந்நேரம் இரண்டு தடவை மிதித்திருப்பார், பிரேக்குக்குப் பக்கத்தில் அந்தக் கால் யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரிக் கிடந்தது. மிதிங்களேன். ஒரு தடவை மிதிங்க, நான் ஒன்றும் சொல்லமாட்டேன், சத்தியமாகச் சொல்லமாட்டேன். "ஏங்க, பஸ்ஸு வருது பாருங்க" என்று வாய்விட்டே சொன்னேன். மதினி பின்னால் ஏதோ சாமி பெயரை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் திரும்பினேன், கேட்டுக்கு முன்னால் ஸ்பீடு பிரேக்கர், அதற்கப்பால் ஒரு பைக்குக்காரன் சட்டென்று குறுக்கே வெட்டினான், நான் பிரேக்கில் கால் வைப்பதற்கு முன்னால் வண்டி குலுங்கியது, ஒரு உலுக்கு, ஆஃப் ஆகி நடு வாசலில் நின்றுவிட்டது. நான் மிதிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் கால் பிரேக் மேலே இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. "பாத்துப் போ வேலு" என்றார், உதட்டால் மட்டும். பின்னால் ஆட்டோக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். வாட்ச்மேன் கம்பைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தவர், வண்டி மேலே இருக்கிற டிரைவிங் ஸ்கூல் போர்டைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, வண்டி ஓட்டிப் பழக வேற எடமே கெடைக்கலியா உனக்கு?" என்று கத்தினார். வேறொரு நாளாக இருந்தால் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டியிருப்பார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "ஆமாண்ணே, இப்பத்தான் பழகிக்கிட்டு இருக்கேன், டெங்குக் கேஸு, வெரசா ஸ்ட்ரெச்சரக் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டு, அந்தக் காலைப் பிரேக்கிலிருந்து எடுக்காமல் அப்படியே விட்டேன்.